தேதி துடைத்த சத்துமாவு

எதிர்வீட்டில் இன்று கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாடை ஜன்னல் வழியே வந்ததும் உன் ஞாபகம் வந்தது. தட்டாஞ்சாவடி கம்பெனியில் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கடைகளிலிருந்து திரும்பி வந்த சத்துமாவு பாக்கெட்டுகளில் பழைய தேதியைத் தின்னர் துணியால் துடைப்போமே, அதே வாடை. துடைத்துத் தள்ளினால் அடுத்த மேசையில் புதுத் தேதி அடிப்பார்கள். "மாவுதானே, கெட்டா போயிடும்?" என்பார் சூப்பர்வைசர். நாமும் அப்படித்தான் நினைத்தோம், அல்லது நினைக்காமல் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்தில் உன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாய். அவள் தன் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். மறுநாள் வேலைக்கு வந்ததும் என் காதோரம் சொன்னாய்: "நம்ம பாக்கெட்டுடி. புதுத் தேதிக்குக் கீழ பழைய மை கலைஞ்சு தெரியுது. கஞ்சிய அப்படியே கீழ கொட்டிட்டேன். அவ ஏன்னு கேக்குறா, நான் எதைன்னு சொல்லுவேன்?"

அந்த வாரமே உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போன் செய்துவிட்டாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஜீப்பில் வந்தார்கள். மூட்டைகளைப் பறிமுதல் செய்து, மாதிரி எடுத்து, கதவுக்குச் சீல் வைத்தார்கள். வாசலில் நின்ற நம்மிடம் அதிகாரி, "யாரும்மா தேதிய துடைச்சது?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். நீ மட்டும், "நான் தொடைச்சேன் சார். எழுதிக்குங்க" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன்.

பதினோரு பெண்களுக்கு வேலை போயிற்று. "ஒனக்கு மட்டுந்தான் மனசாட்சி இருக்கா?" என்று உன் வீட்டு வாசலில் நின்று கத்தியவள் நான்தான். அதன்பின் எட்டு மாதம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

உனக்குக் கிட்னி பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். என்னைக் கண்டதும் நீ கேட்டது, "வேலை கெடச்சுதாடி?" உழவர்கரையில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறேன் என்றேன். "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்தேன். இரண்டே வாரத்தில் நீ போய்விட்டாய்.

போன மாதம் உன் தங்கை கடைக்கு வந்தாள். வழக்கில் சாட்சி சொல்ல வரச் சொல்லி உன் பெயரில் கடிதம் வந்திருந்தது. உன்னைத் தவிர அன்று வாய் திறந்தவர்கள் யாரும் இல்லை. கம்பெனிக்காரர் வேறு பெயரில் மறுபடி தொடங்கப் பார்க்கிறார் என்றும் சொன்னாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு அதே அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"நீங்க யாரும்மா?" என்றார்.

"அவளுக்கு எதிர்ல ஒக்காந்து தொடைச்சவ சார்."

அவர் எழுதியதை இரண்டு தரம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். எல்லாவற்றையும் சொல்வேன். உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு மட்டும் என்னிடமே இருக்கிறது.