கமலிதான் முதலில் கேட்பாள்

2003 ஜூலை 6, ஞாயிறு

எங்கள் இன்டர்நெட் குழு சேர்ந்து எழுதும் தொடர்கதையில் இன்று காதல் அத்தியாயம்! கதாநாயகி கமலியின் பார்வையில் நான் எழுத வேண்டும், நாயகன் பாஸ்கரின் பார்வையில் பிரேசர் டவுன் நோயல். ஒரே மாலை, அல்சூர் ஏரிக்கரை. ஒருவர் எழுதுவதை மற்றவர் முன்னாடியே படிக்கக் கூடாது என்பது குழுவை நடத்தும் உஷா அக்கா போட்ட சட்டம். பிரவுசிங் சென்டர் போய் என் பங்கை ஏற்றிவிட்டேன். சூப்பராக வந்திருக்கிறது. கன்னட மீடியத்தில் படித்துவிட்டு, சினிமா பத்திரிகை பார்த்துத் தானாகத் தமிழ் கற்றவள் எழுதியது என்று எவனும் சொல்ல மாட்டான்.

ஜூலை 7

ஐயோ! என் கமலி "என்னைக் கட்டிக்கிறியா?" என்று நேராகக் கேட்கிறாள். நோயல் எழுதியதில் பாஸ்கர்தான் கேட்கிறானாம், கமலி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு அழுகிறாளாம். எவ கடிக்கிறா துப்பட்டாவ? படிச்சவங்க எல்லாரும் கேக்கறாங்க, எது நெசம்னு.

ஜூலை 8

உஷா அக்கா மெயில்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது ஒருத்தர் மாத்துங்க. இல்லேன்னா ரெண்டையும் தூக்கிடுவேன்."

தூக்கிடுவாங்களாம்! முழுக் கதையிலும் கமலி வாயத் திறக்கிற ஒரே இடம் அது. மாத்தவே மாட்டேன்.

ஜூலை 9

சாட்டில் சண்டை.

"பொண்ணுங்க முதல்ல கேக்க மாட்டாங்க ஆஷா. யாரும் நம்ப மாட்டாங்க" என்றான் நோயல்.

"நீ எத்தன பொண்ணுங்களப் பாத்துட்ட?"

அப்புறம், "சனிக்கிழமை ஏரிக்கு வா. நேர்ல பேசிக்கலாம்."

ஒரு வருஷமாக எழுத்தில் மட்டும் தெரிந்தவன். போகிறேன். பயமா? எனக்கா?

ஜூலை 12, சனி

ஒல்லி. கண்ணாடி. எழுத்தில் இருக்கிற வாய் நேரில் இல்லை.

"சரி, ஒரு பொண்ணு வந்து கேட்டா பாஸ்கர் என்னா பண்ணுவான்? சொல்லு, எழுதறேன்" என்றான்.

"என்னை ஏன் கேக்கற? பாஸ்கர் உன் ஆளுதானே?"

"எனக்கும் தெரியலையே. என்னை யாரும் கேட்டதில்ல."

வீட்டுக்குப் போக ஆஸ்டின் டவுன் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நோயல் மாற்றிவிட்டான்! கமலி கேட்கிறாள். பாஸ்கர் கையிலிருந்த சுட்ட சோளம் தண்ணீரில் விழுகிறது. அதை எடுக்கக் குனிந்தவன், குனிந்தபடியே "சரி" என்கிறான்.

"எங்கடா வெச்சிருந்த இத இத்தன நாளா?" என்று உஷா அக்கா சந்தோஷத்தில் குதிக்கிறார். யூஜின் என்று ஒரு வாசகர் மட்டும், "சோளம் விழறதெல்லாம் ஓவர். நெசத்துல நடக்காது" என்று போட்டிருக்கிறார்.

நான் பதில் எழுதவில்லை. நோயலும் எழுதவில்லை. பாவம், நேற்று அது தண்ணீரில் விழுந்தபோது பாதிகூட அவன் தின்றிருக்கவில்லை.