திருப்பி மாட்டிய படங்கள்

செப். 7, திங்கள்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. உரும்பிராய்ச் செம்மண் முழுவதும் எங்கள் வீட்டு ஹோலுக்குள்தான் வந்து படுக்கிறது. காலையிலிருந்து கூட்டிக் கூட்டி முதுகு நோ.

இன்று கம்பள வேலை. மலாயாவிலிருந்து வந்த நாள் முதல் பெட்டிக்குள் கிடந்தவை. பெரியது நீலம், தைப்பிங்கில் என் துரை ஊருக்குப் போகும்போது தந்தது. சின்னது சிவப்பு, பினாங்குச் சாமான். துரை பங்களாவில் விரித்திருந்த மாதிரியே விரித்தேன். ஈரம் ஏறாமல் அடியில் பனையோலைப் பாய். அதன்மேல் நீலம். நீலத்தின் நடுவில் சிவப்பு, சற்றுச் சரிவாக. தூர நின்று பார்த்தேன். அருமை.

பாக்கியம் வாசலில் நின்று பார்த்தாள். "நல்ல கம்பளத்தின்ரை நடுவிலை இன்னொண்டைப் போட்டு மூடுறதோ? பக்கத்திலை பக்கத்திலை போட்டால் இரண்டு இருக்கெண்டாவது சனத்துக்குத் தெரியும்."

இத்தனை வருடம் என்னோடு மலாயாவில் குடும்பம் நடத்தியவள் பேசுகிற பேச்சு!

வெள்ளிக்கிழமை பருத்தித்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மகள் தவமணியைப் பார்க்க. பெடியன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். நல்ல இடம். ஆவணி முடியப் போகிறது, புரட்டாதியில் யாரும் கலியாணப் பேச்செடுக்க மாட்டார்கள். இந்த வெள்ளி தவறினால் தவறினதுதான்.

மாலை தரகர் வேலுப்பிள்ளை. ஹோலைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு மெல்ல: "அண்ணை, பெடியன்ரை தாய் ஒரு கதை கேட்டவ. பொம்பிளையின்ரை மாமி நிப்பாவோ எண்டு."

மாமி என்றால் என் அக்கா. கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். அடுத்த ஒழுங்கையில் வீடு. நான் ஊருக்கு வந்த புதிதில் தன் மகன் கந்தசாமிக்குத் தவமணியைக் கேட்டார். புகையிலைத் தோட்டக்காரனுக்கு மாட்டேன் என்றேன். அன்று எழுந்து போனவர் போனவர்தான். கோயிலில் கண்டாலும் என்னை விட்டுவிட்டுத் தூண்டாமணி விளக்கைப் பார்ப்பார்.

"நிப்பா, நிப்பா" என்று சொல்லித் தரகரை அனுப்பினேன்.

செப். 8, செவ்வாய்

வெயில். தலை இன்னும் கொஞ்சம் சுற்றல், போன கிழமைக் காய்ச்சலின் மிச்சம். அடுத்த வளவுச் செல்லம்மா வேலிக்கு மேலால் எட்டி, "அண்ணைக்கு இப்ப எப்பிடி?" என்று பாக்கியத்தைக் கேட்டாள். "எழும்பிச் சுவருக்கு ஆணி அடிக்கிறார்" என்றாள் இவள், ஏதோ நோய் முற்றிவிட்ட மாதிரி.

படங்கள். நூல் பிடித்து ஒரே மட்டத்தில்:
கிழக்குச் சுவர்: முருகன், இலட்சுமி, சரஸ்வதி.
மேற்குச் சுவர்: மன்னரும் இராணியும். தைப்பிங் ஏரி. நான் பென்சன் எடுத்த அன்று கந்தோரில் பிடித்த போட்டோ.
நடுச் சுவர் முழுவதும் வெல்வெற் துணி, ஓடைக்கரையில் மான் நிற்கிற சித்திரம்.

மானைக் கண்டு தவமணிக்குச் சிரிப்பு. "ஐயா, துணியைக் கொடியிலை எல்லோ போடுறது?" அவளுக்கும் தாயின் வாய்.

மத்தியானம் சாப்பாட்டில் பாக்கியம் மறுபடி தொடங்கினாள். "ஒருக்காப் போய் மச்சாளைக் கூப்பிடுங்கோவன். நீங்கள் போனால் வருவா."

"அவ இல்லாட்டில் என்ன குறை? வந்து இருந்து பாக்கட்டும், இப்பிடி ஒரு ஹோல் பருத்தித்துறையிலை இருக்கோ எண்டு."

"மாமி எங்கையெண்டு கேட்டால் கம்பளமோ எழும்பி ஓம் இஞ்சை நிக்கிறன் எண்டு சொல்லப்போகுது?"

 குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்றேன்.

செப். 9, புதன்

இன்று நடந்ததை முறையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் சுண்ணாம்பு அடிக்கிறவன் வந்தான். சுவரின் அடிப் பக்கம் ஈரம் ஏறிக் கறுத்த இடங்களுக்கு மட்டும். கதிரைகள், மேசை எல்லாம் முற்றத்துக்கு. கம்பளங்கள் கொடிக்கு. கூரையிலிருந்து தூசு விழாமல் ஹோலின் மேலே வெள்ளைச் சேலைகளை இழுத்துக் கட்டினேன். மட்டம் பார்த்து மாட்டிய படங்களைக் கழற்ற மனம் வரவில்லை. சுண்ணாம்பு முகத்தில் தெறிக்காமல் எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

பாக்கியம் கண்டு பதறினாள். "சாமிப் படத்தைத் திருப்பாதேங்கோ! செத்தவீட்டிலைதான் உப்பிடிச் செய்யிறது."

"சும்மா இரும். மத்தியானம் திரும்பவும் நேராக்கிறதுதானே."

நான் ஏணியில் நிற்க இலட்சுமி படம் கயிறு அறுந்து விழுந்தது. கண்ணாடி சுக்குநூறு. பாக்கியம் தலையில் அடித்து, "ஐயோ, போச்சே! என்ரை இலட்சுமி போச்சே!" என்று வளவு அதிரக் கத்தினாள். ஏணி உச்சியில் வைத்த சுண்ணாம்பு வாளியும் சரிந்து என் தலை, முகம், கண் எல்லாம் வெள்ளை. கண் எரிய எரிய அறைக்குள் போனேன். சுண்ணாம்பு அடிக்கிறவன் பயந்து நழுவிவிட்டான்; தவமணி தண்ணீர் கொண்டுவரக் கிணற்றடிக்கு ஓடினாள். பாக்கியம் கண்ணாடி பொறுக்கி, விரலை வெட்டி, குசினியில் இருந்து அழுதாள்.

இதெல்லாம் செல்லம்மா வேலிப் பொட்டுக்குள்ளால், ஆள் நுழையக்கூடிய ஓட்டை அது, பார்த்திருக்கிறாள். போன கிழமை காய்ச்சலில் கிடந்த மனிதன். முற்றத்தில் கதிரை. செத்தவீட்டில் கட்டுகிற மாதிரி மேலே வெள்ளை. திரும்பிய படம். அழுகிற மனைவி. வேறென்ன வேண்டும்?

முதலில் ஒழுங்கையில் ஒரு குரல். பிறகு பல. படலை திறந்த சத்தம். பெண்கள் குசினிக்குள் போய்ப் பாக்கியத்தைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழ, இவளும் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்! பிறகு கேட்டேன், ஏன் அழுதாய் என்று. "எல்லாரும் வந்து கட்டிப்பிடிக்க ஆரோ செத்துப்போச்சினமெண்டு நினைச்சன். அழேக்கை ஆரெண்டு கேக்கிறதோ?"

நான் அறைக் கதவுக்குப் பின்னால். கண் திறக்க முடியவில்லை. அப்போது எல்லாக் குரலுக்கும் மேலாக ஒரு குரல். அக்கா.

"என்ரை ராசா! அம்மா செத்த அண்டு ஐஞ்சு வயசிலை என்ரை மடியிலை வந்து படுத்தியேடா! கப்பல் ஏறிப் போனவன் வந்திட்டான் எண்டு சந்தோசப்பட்டனே! ஒழுங்கை தாண்டி வர உனக்குக் கால் இல்லாமல் போச்சோ! நான் வந்திருந்தால் கதைச்சிருப்பியோ, கதைக்காமல் விட்டிட்டியேடா!"

நான் செத்துவிட்டேனென்று அழுகிறார். நான் நின்று கேட்கிறேன்.  தாய் செத்தபோது யார் மடியில் படுத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராய் ஓய, அக்கா ஓயவில்லை. இதற்கு மேல் ஒளிந்து நிற்பது பாவமென்று வெளியே வந்தேன்.

தலை முதல் கால் வரை சுண்ணாம்போடு என்னைக் கண்டதும் பெண்கள் போட்ட கூச்சல்! ஒருத்தி முற்றத்துக் கதிரைகளுக்கு மேலால் பாய்ந்து ஓடினாள். செல்லம்மா, "முருகா! முருகா!" என்று தூணைக் கட்டிப் பிடித்தாள்.

அக்கா ஓடவில்லை. கிட்ட வந்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலில் பட்ட சுண்ணாம்பைப் பார்த்தார், திரும்பவும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதே கன்னத்தில் ஒன்று விட்டார். ஊரார் முன்னால், பென்சன்காரனை, பொறி பறக்க.

 சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

செப். 10, வியாழன்

காற்று அடங்கி, புழுக்கம். கன்னம் வீங்கவில்லை, ஆனால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஊர் முழுக்கச் சிரிப்பு. சந்தியில் ஒருவன்: "அண்ணை, மேலை எப்பிடி, வெக்கையோ?" நான் சிரிக்கவில்லை.

பத்து மணிபோல் தரகர், முகம் தொங்கிப்போய். பஸ்ஸோடு கதை பருத்தித்துறைக்குப் போய்விட்டது. "அண்ணை, அவையள் பயப்பிடுகினம். பொம்பிளை பாக்க முதலே அழுகுரல் எழும்பின வீடெண்டு. பெடியன்ரை தாய் முடிவாச் சொல்லிப்போட்டா. அழுத மாமியே நாளைக்கு முன்னுக்கு நிண்டால், கண்ணூறு கழிஞ்சுதெண்டு நினைச்சு வருவினமாம். மாமி இல்லையெண்டால் பேச்சை விடுவினமாம்."

பாக்கியம் என் சால்வையை எடுத்துக் கையில் தந்தாள். தவமணி யன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் தோள் குலுங்கியது. அதைப் பார்த்துவிட்டு இருக்க முடியவில்லை. போனேன்.

அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கந்தசாமி, படலையிலை ஆரோ நிக்கினம். என்னெண்டு கேள்."

கந்தசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்கோ மாமா" என்றான். நல்ல பிள்ளை. கதிரை தந்தான். நான் இருக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு அவையள் வருகினம். நீ வந்து நிக்கவேணும்."

"செத்தவீட்டுக்கு ஆரும் கூப்பிடத் தேவையில்லை. கேள்விப்பட்டன், வந்தன். நல்ல காரியத்துக்குக் கூப்பிடவேணும்."

"அதுக்குத்தானே வந்து நிக்கிறன்."

"உன்ரை கம்பளம், உன்ரை மான் எல்லாம் வைச்சு முடிச்சுப்போட்டு, இனி ஒரு அக்காவும் வேணும், அப்பதான் ஹோல் நிரம்பும். என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. 

"நேற்று அழேக்கை நீ சொன்னதெல்லாம் கேட்டனான், அக்கா."

மிளகாயைக் கிளறிய கை நின்றது. "அது செத்தவனுக்குச் சொன்னது. உயிரோடை இருக்கிற உன்னிலை எனக்குக் கோபம் அப்பிடியே இருக்கு. போ."

வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. தரகரிடம் பொய் சொன்னேன், மாமி நிற்பார் என்று. வேறு வழி?

செப். 11, வெள்ளி

காலையில் வானம் மப்பு, மழை இல்லை. கம்பளங்கள் பழையபடி. படங்கள் நேராக. இலட்சுமிக்குக் கண்ணாடி இல்லை, பாக்கியம் பூ வைத்து மறைத்தாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார். பெடியன் வாசலிலேயே மானைப் பார்த்து நின்றான். கம்பளத்தைக் கண்டு எல்லாருக்கும் அச்சம். மிதிக்கலாமோ என்று தெரியவில்லை போலும். சுவரோடு ஒட்டி ஒட்டிச் சுற்றிப் போய், கதிரை நுனியில் குந்தினார்கள். நடுவில் என் நீலமும் சிவப்பும் வெறுமையாகக் கிடந்தன. யாரும் யாரோடும் கதைக்க முடியாத தூரம்.

தாய் சுற்றிப் பார்த்தார். "மாமியைக் காணேல்லை?"

தரகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.  எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இஞ்சைதான் நிக்கிறன்."

குசினி வாசலில் அக்கா, பட்டுச் சேலையோடு. செல்லம்மாவின் வேலிப் பொட்டுக்குள்ளால் எப்போது வந்தாரோ. தவமணியின் கையைப் பிடித்து நேரே கம்பளத்தின் மேலால் நடந்து வந்து, சிவப்பின் நடுவில் சப்பாணி கட்டி இருந்தார். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தினார். "ஏன் எல்லாரும் மூலைக்கை? வாங்கோ, இதிலை இருங்கோ. மெத்தெண்டு இருக்கு." பெடியனின் தாய் சிரித்துக்கொண்டு இறங்கி வந்து பக்கத்தில் இருந்தார். பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பிறகு ஒரே கதை, சிரிப்பு. எனக்காக அழுத கதையையும் அக்காவே எடுத்துச் சொல்லிச் சிரிக்கவைத்தார். என் பக்கம் மட்டும் ஒருதரமும் திரும்பவில்லை.

பேச்சு முற்று. கலியாணம் தையில்.

அவர்கள் போனதும் அக்கா எழுந்தார். படலைவரை பின்னால் போனேன். "அக்கா" என்றேன். நின்றார். திரும்பாமல், என்னோடு வந்த பாக்கியத்துக்குச் சொன்னார்:

"உவனுக்குச் சொல்லு, பாக்கியம். நான் பிள்ளைக்கு வந்தனான். உவனுக்கு நான் ஒருக்கா வந்து அழுது முடிச்சிட்டன்."