மஞ்சள் கதவுக் கடையில் வியாழக்கிழமைகள்

மார்ச் 8

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதுவது பழைய பழக்கம். ஆனால் ஆவல் உண்மையானது. போன ஞாயிறு நீ தொலைபேசியில் பேசியதில் ‘ஹலோ’வும் ‘வச்சிடறேன்’னும் மட்டும் காதில் விழுந்தன. நடுவில் உள்ளதைத் தயவுசெய்து எழுதி அனுப்பு. காதுக் கருவிக்குப் புது பேட்டரி போட்டும் பயனில்லை.

வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போய் மனிதர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், என்ன சாப்பிட்டேன் என்று எழுதவும் வேண்டும் என்று நீ போட்ட உத்தரவுப்படி, நேற்று வியாழக்கிழமை மதியமும் கடற்கரைக்குப் போனேன். அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஐந்து கடைகள் இருப்பதாக முன்பே எழுதியிருக்கிறேன். முதல் கடையில் பாட்டு எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். இரண்டாவதில் நாற்காலிகள் தோள் உயரம்; ஏறிவிடுவேன், இறங்குவதற்கு யாரைக் கூப்பிடுவது என்பதுதான் யோசனை. அதனால் எப்போதும் போல மஞ்சள் கதவு போட்ட பப்புக்கே போனேன். அங்கே பீர் ஊற்றிக் கொடுக்கும் பெண்மணி என்னைப் பார்த்ததும் ஜன்னலோர மேசையைத் துடைத்துவிடுகிறார். கேட்காமலேயே செய்கிறார். அது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய ஆறுதலாகவும் இருக்கிறது.

வந்த நேரம்: 12.50. கடல்: ஏற்றம், சுவரின் மூன்றாவது கல் வரை. உண்டவை: காய்கறிச் சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், வறுத்த இறால் ஒரு தட்டு, அரைக் கோப்பை பீர், எலுமிச்சைச் சோடா ஒன்று. இறால் இந்த வாரம்தான் கடையின் உணவுப்பட்டியல் கரும்பலகையில் ஏறியது. வால்களைத் தட்டின் விளிம்பில் ஒன்றோடொன்று இடிக்காமல் வட்டமாக வைத்துக்கொண்டே வந்தால், சாப்பிட்டு முடிக்கும்போது கடிகார முகம் போல ஆகிவிடுகிறது. நேற்று சரியாகப் பன்னிரண்டு.

புறப்பட்ட நேரம்: 2.15. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
அப்பா

*

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையிலிருந்து நாலு மேல்தாடை அச்சு வார்த்து வைத்துவிட்டு, அவை இறுகுவதற்குள் இதை எழுதுகிறேன். பல்செட் செய்கிறவளுக்குக் கவனம் சிதறக் கூடாது. உங்கள் கடிதம் சிதறடித்துவிட்டது.

இறால் என்ற வார்த்தையைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரே ஒரு இறாலைத் தின்றுவிட்டு நீங்கள் முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்ததும், அம்மா வெறுங்காலோடு டாக்டரைக் கூப்பிட ஓடியதும் நினைவில்லையா? அப்புறம்தான் அடுத்த வரியைப் படித்தேன். அந்தக் கடிகாரம்.

அப்பா, இறால் வாலைத் தட்டைச் சுற்றி அப்படி அடுக்குகிறவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். ஆறு வருஷம் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். என் முன்னாள் மாமியார். உங்கள் முன்னாள் சம்பந்தி.

போன மாதம் ‘சூப் இரண்டு’ என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கு நல்ல பசி எடுக்கிறது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல மடச்சி உண்டா.

அஞ்சு வருஷம் முன்பு அந்த வீட்டிலிருந்து பெட்டியோடு இறங்கிய அன்று நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வீட்டு ஆட்கள் யாரோடும் நமக்கு இனிமேல் ஒன்றும் வேண்டாம் என்றேன். ‘சரிம்மா’ என்றீர்கள். உங்கள் பழைய மாப்பிள்ளை வேறொருத்தியோடு சுற்றினார், அது அவர் குணம். அந்தம்மாவுக்கு என்ன? அம்மா போனபோது பதினைந்து நாள் என் கூடவே படுத்துக்கிடந்தவர், எனக்கு ஒன்று என்று வந்தபோது வாயைத் திறக்கவில்லை.

எத்தனை வியாழக்கிழமையாக நடக்கிறது?

உங்கள் மகள்

*

மார்ச் 27

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவதாக இதை எழுதுகிறேன். இதையும் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்பதற்காகத் தபால்தலையை முதலிலேயே ஒட்டிவிட்டேன்.

நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து. இதுவரை பதினெட்டு வியாழக்கிழமைகள். இரண்டு முறை மழையால் தவறியது.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். நீ உத்தரவு போட்ட பிறகு இரண்டு முறை அந்தக் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். தனியாக ஒரு கிழவன் உள்ளே நுழைந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயம். மூன்றாம் முறை துணிந்து கதவை இழுத்தேன். திறக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ திறந்துவிட்டார்கள். பார்த்தால் சம்பந்தியம்மா. “சம்பந்தி, இது தள்ற கதவு. வெளியில நின்னு இழுத்தா சாயங்காலம் வரைக்கும் இழுத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்” என்றார். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். அவர் மகன் புது மனைவியோடு வேறு ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறதாம். ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்து வேறு மேசைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் தைரியம் தேவைப்படவில்லை.

உன்னைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் ‘இன்று மகளிடமிருந்து கடிதம் வந்தது’ என்று சொன்னால் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

கடையில் பீர் ஊற்றிக் கொடுக்கும் பெண்மணி ஒருநாள் என்னிடம், “உங்க வீட்டுக்காரம்மா இன்னும் வரலியா சார்?” என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

“வீட்டுக்காரம்மா இல்லீங்க. சம்பந்தி.”

“ஓ. உங்க பொண்ணும் அவங்க பையனுமா?”

“ஆமாங்க. ஆனா இப்ப இல்ல.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன வேணும்?”

எனக்குப் பின்னாலிருந்து சம்பந்தியம்மா குரல் வந்தது. “அதைத்தான் நாங்களும் வாராவாரம் உக்காந்து யோசிக்கிறோம். ஒரு முடிவுக்கு வந்ததும் சொல்றேன், சூப் எடுத்துட்டு வாங்க.”

உனக்கு நான் பொய் எழுதவில்லை. ‘தனியாக’ என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் எழுதாமல் விட்டதும் ஒளித்ததுதான். முப்பத்துநான்கு வருடம் துறைமுகத்தில் கடல்மட்டம் குறித்தவன் நான். கண்ணில் பட்டதை விட்டுவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. அவரை விட்டுவிட்டேன், அவர் சாப்பிட்டதை விடத் தெரியவில்லை. அப்படித்தான் இறால் உன்னிடம் வந்து சேர்ந்தது.

நான் உனக்குக் கொடுத்த வார்த்தை அது. வேண்டாம் என்று நீ சொன்னால் நிறுத்திவிடுகிறேன். உன் பதில் வரும்வரை போகப் போவதுமில்லை. சளி என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பொய்யையும் உன்னிடம் பதிவு செய்கிறேன்.

தலைகுனிந்த,
அப்பா

*

ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

தலையை நிமிர்த்துங்கள். கழுத்து வலி வந்துவிடும்.

உங்கள் கடிதம் வந்த இரண்டு நாளாகக் கோபமாக இருக்க முயற்சி செய்து பார்த்தேன். கதவை இழுத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்து கெடுத்துவிடுகிறது. நேற்று வேலை நடுவில் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் காரணம் சொல்ல முடியாமல் தவித்தேன்.

ஆனாலும் எனக்கு ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த வீட்டை விட்டு வந்த அன்று கீழே டாக்சிக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். அந்தம்மா மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கீழே வரவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. வண்டி திரும்பும்வரை பார்த்தேன், அப்படியே நின்றார். மாப்பிள்ளை செய்ததெல்லாம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அந்த ஜன்னல் மறக்கவில்லை. இவருக்கே என் மேல்தான் தப்பு என்று தோன்றியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேதான் விமானம் ஏறினேன்.

நீங்கள் அவரிடம் கேளுங்கள். ஏன் இறங்கி வரவில்லை என்று. சுற்றி வளைக்காமல் கேளுங்கள். பதிலை அப்படியே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். கேள்வியை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நேற்று சம்பந்தியம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். “சளி போயிடுச்சா?” என்றார். “சளியே இல்லீங்க” என்றேன். “தெரியும். ஆறு வருஷம் உங்க பொண்ணு கூட இருந்தவ நான். உங்க குடும்பத்துல யாருக்கும் பொய் வராது” என்றார்.

சூப் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். சூப் வந்து ஆறியும் போயிற்று. கடைசியில் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கேட்கச் சொன்னாய், நான் எழுதிக் காட்டினேன். அந்தக் குறை என்னுடையது. படித்தார். வெகுநேரம் படித்தார், ஒரே ஒரு வரிதான். பிறகு ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துக் காப்பி இயந்திரம் இரைந்தது. அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

இதையா இன்னொரு தடவை சொல்லச் சொல்வது? ஆனால் உனக்கு என்ன எழுதுவேன்? “மன்னிக்கணும் சம்பந்தியம்மா. காதுல விழல. இன்னொரு தடவை” என்றேன். கடைப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, இயந்திரத்தை நிறுத்திவிட்டார். சம்பந்தியம்மா உரக்கச் சொன்னார். கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். சொல்லச் சொல்ல நான் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:

“இறங்கி வந்திருந்தா அவ கையைப் பிடிச்சிருப்பேன். ‘போகாதம்மா’ன்னு சொல்லியிருப்பேன். நான் சொன்னா அவ நின்னிருப்பா. அவனுக்காக இல்ல, எனக்காக நின்னிருப்பா. அந்த வீட்டுல எனக்காக அவ ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்னுதான் ஜன்னலை விட்டு நகரல.”

எழுதியது சரியா என்று காட்டினேன். என் பேனாவை வாங்கி, கீழே அவரே ஒரு வரி சேர்த்தார். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே இருப்பது அவருடையது.

பிறகு ஆறிப்போன சூப்பைக் குடித்தோம். பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகும்போது சம்பந்தியம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

நான் கேட்ட விதம் தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அப்பா

*

ஏப்ரல் 28

அன்புள்ள அப்பா,

அவர் சேர்த்த வரி: ‘பாதிப் படி இறங்கினேன். திரும்ப ஏறிவிட்டேன்.’

அந்த மாடிப்படி எனக்குத் தெரியும். பாதியில் ஒரு திருப்பம் இருக்கும். அங்கே நின்றால் வாசல் தெரியாது, ஆனால் வாசலில் பேசுவது கேட்கும். அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் டாக்சிக்காரரிடம் நான் ‘கொஞ்சம் இருங்க’ என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். நான் அப்படிச் சொன்னது அவர் வருவாரோ என்றுதான்.

வந்திருந்தால் நின்றிருப்பேன். அவர் கணக்குச் சரிதான். இந்நேரம் அந்தச் சமையலறையில் யாருக்காகவோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று நன்றாக அழுதேன். பயப்படாதீர்கள், துக்கமில்லை. ரொம்ப நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்த மாதிரி. இன்று ஒரு பல்செட்டில்கூடத் தவறு வரவில்லை.

நீங்கள் கேட்ட விதத்தில் ஒரு குறையும் இல்லை. உங்களைத் தவிர யாரும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதோடு ஓர் உறை இருக்கிறது. ஒட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை அத்தையிடம் கொடுங்கள்.

அன்புடன்,
மகள்

*

மே 10

அன்பு மகளுக்கு,

நேற்று கொடுத்தேன்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சம்பந்தியம்மா உறையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டில் போய்ப் படிப்பார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே எடுத்துவிட்டார். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். பார்த்தேனே தவிர அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு முறை அவர் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது.

“உங்களைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கா. சொல்ல மாட்டேன்” என்றார்.

“நல்லதா?”

“உங்களுக்குப் பயம் வர்ற அளவுக்கு நல்லது.”

பிறகு தாள் கேட்டார். இரண்டு கொடுத்தேன். “இது எந்த மூலைக்கு? அஞ்சு வருஷம் இருக்கு” என்று சொல்லி முழுக் கட்டையும் இழுத்துக்கொண்டார். அங்கேயே எழுத ஆரம்பித்துவிட்டார். நாங்கள் கேட்காமலே ரொட்டி வந்தது, தேநீர் வந்தது. பேனா நின்றுபோனபோது கடைப் பெண்மணி தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றரை மணிவரை எழுதினார். நான் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது என்று உன் அம்மா சொல்வாள். நேற்று வந்தது.

தபால்பெட்டி வரை நடந்தோம். உறையைப் பெட்டி வாயில் பாதி நுழைத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போட்டுடலாமா சம்பந்தி?”

யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ‘யோசிச்சுப் பார்க்கலாம்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

“போடுங்க” என்றேன்.

போட்டுவிட்டார்.

என் கடிதத்துக்கு முன்பே அது உன் கையில் இருக்கும். முதலில் அவருக்குப் பதில் எழுது. எனக்கு அவசரமில்லை.

அன்புடன்,
அப்பா