அர்ச்சனைக்கு வந்த ஈமெயில்கள்

ஜூலை 10, செவ்வாய்

காலையில் மழை. பிறகு புழுக்கம். தெஹிவளைப் பள்ளிவாசல் கணினியில் வைரஸ் நீக்கம், முடிந்தது. செயலாளர் ஹாஜியார் தலைமாட்டில் நின்று, "சேர், மெஷின் மவுத்தாப் போச்சா, இல்லாட்டி மயக்கமா?" என்றார். வட்டிலப்பம் கட்டித் தந்தார்கள். கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலில் இதே வேலைக்கு விபூதி மட்டும். "உமக்குப் புண்ணியம்" என்பார் தலைவர் மகாதேவன். வங்கியில் எனக்கு வரவேண்டிய பதவியைப் பிடித்துக்கொண்ட அதே மகாதேவன். மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

பின்னேரம் மேல்மாடி பவானி அக்கா வந்தா. உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றா. யாரோ ஃபோனில் காசு கேட்டிருக்கிறார்கள். தராவிட்டால் மகன் ரமேஷைத் தூக்குவார்களாம். "உங்கட மகன் பூரட்டாதிதானே? கனடாப் பயணத்துக்கு முதல் கதைச்சு முடிப்பம்" என்றானாம் ஃபோனில் வந்தவன்.

"நட்சத்திரம் அவங்களுக்கு எப்பிடித் தம்பி தெரியும்? அவன்ர சாதகம் இன்னும் ஒரு தரகரிட்டையும் போகேல்லை."

போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் ஒருவரை வான் வண்டியில் இழுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

11, புதன்

நித்திரை குறைவு. நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? தாய்க்கு, ரொறன்ரோவில் இருக்கும் தமக்கைக்கு. பவானி அக்காவிடம் திரும்பக் கேட்டேன். தமக்கை மாதாமாதம் தம்பி பேரில் அர்ச்சனை செய்யச் சொல்லிக் கோயிலுக்கு ஈமெயில் போடுகிறாளாம். பெயர், நட்சத்திரம், விலாசம், என்ன வேண்டுதல், எல்லாம்.

பஸ்ஸில் கொட்டாஞ்சேனை. வழியில் இரண்டு தரம் இறக்கிச் சோதனை. கோயில் கந்தோரில் பாஸ்வேர்ட் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அம்மன் பெயரேதான். நான் மாற்றச் சொல்லி எத்தனை தரம்! உள்ளே போய்ப் பார்த்தேன். வரும் ஒவ்வொரு ஈமெயிலும் தெரியாத ஒரு முகவரிக்கும் போகும்படி யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். நாலு மாதமாக. எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில், யாருக்கு விசா, யாருக்கு எப்போது பயணம், அவ்வளவும்.

அந்த முகவரியை நீக்கினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். மகாதேவனிடம், அர்ச்சனைக்கு எழுதின எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றேன்.

"என்ன ஐசே, ஆடி பிறக்கப்போகுது. கோயிலின்ர பேர் என்னாகிறது? வங்கியிலயும் நீர் இப்பிடித்தான், நெருப்பு நெருப்பெண்டு கத்துறது."

"பிள்ளையளத் தூக்கினாப் பிறகு சொல்லுவீரோ?"

"பாஸ்வேர்ட் உமக்கும் தெரியும்தானே. பார்த்துக் கதையும்."

பொலிஸ் வந்தால் முதல் சந்தேகம் என்மேல்தான் என்கிறார். இந்தக் காலத்தில், இந்த ஊரில், ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்குச் சொல்லும் வசனமா அது?

12, வியாழன்

தலையிடி. மாத்திரை இரண்டு. மனைவி வசந்தி: "உங்களுக்கு அந்த மனிசனில கோவமோ, சனத்தில இரக்கமோ?" இரண்டும் என்றேன். பொய்யில்லை.

புதுப் பாஸ்வேர்ட் என்னவென்று மகாதேவன் கேட்கவே இல்லை. ஆக, கோயிலின் ஈமெயில் பெட்டி இப்போது என் கையில். மத்தியானம் இருந்து எல்லோருக்கும் எழுதினேன்: உங்கள் விபரம் வெளியே போயிருக்கிறது, வீட்டாரைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள், இனிப் பெயர், நட்சத்திரம், பயணம் எதுவும் எழுதவேண்டாம்.

லண்டனிலிருந்து ஒருவர் பதில்: "பேர் சொல்லாட்டி ஆருக்கெண்டு அம்மனுக்கு எப்பிடித் தெரியும்?"

ரமேஷ் தான் வேலை செய்யும் புறக்கோட்டைக் கடைக்குப் போகவில்லை. இரவில் வேறோரிடத்தில் படுக்கை. டிக்கெற்றை முன்னுக்கு மாற்ற அலைகிறார்கள்.

13, வெள்ளி

கோயிலில் சரியான சன நெரிசல். என்னைக் கண்டதும் மகாதேவன் வெளிவீதியிலேயே தொடங்கிவிட்டார். "ஆரைக் கேட்டு அனுப்பினனீர்? அர்ச்சனைக்காரரின்ர பேரெல்லாம் கள்ளனிட்டப் போயிட்டுதெண்டு ஊருக்கெல்லாம் எழுத நீர் ஆர்?"

சனம் திரும்பிப் பார்த்தது. சொல்லவேண்டாம் என்று மறித்ததைத் தன் வாயாலேயே முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஒரு மனுசி கைப்பையில் ஃபோனைத் தேடிக்கொண்டே ஓடினா.

பூசைக்கு முன் அர்ச்சனை வரிசை. ஐயர் பவானி அக்காவிடம் வழக்கம்போல, "பேர், நட்சத்திரம்?"

அக்கா சுற்றி நின்றவர்களைப் பார்த்தா. "அம்மன்ர பேருக்கே செய்யுங்கோ ஐயா."

பின்னால் நின்றவவும் அம்மன் பேருக்கு. அதற்குப் பின்னாலும். ஐயர் யார் முகத்தையும் பார்க்காமல் மந்திரம் சொல்லிக்கொண்டு போனார்.

15, ஞாயிறு

நேற்று எழுத மனம் வரவில்லை. மேல்மாடிப் பிள்ளை பத்திரமாகத் தமக்கையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த நாள், எந்த வழி என்று இதில் எழுதப்போவதில்லை. அக்கா படியில் இருந்து அழுதா. வசந்தி தேத்தண்ணி கொடுத்தாள்.

மற்றக் குடும்பங்கள்? இருபத்தாறு பேரிடமிருந்து பதிலே இல்லை. வாசித்தார்களோ தெரியாது. பெரும்பாலும் வெள்ளவத்தை விலாசங்கள்.

பத்து மணிக்கு மகாதேவன் ஃபோன். குரல் இறங்கியிருந்தது. "பாஸ்வேர்ட் என்ன ஐசே?"

"ஃபோனில சொல்லுறேல்லை. நேரில வாரும். வந்தா பாஸ்வேர்டோட மட்டும் திரும்பேலாது, என்னோட இருபத்தாறு வீடு ஏற வேணும். தலைவர் சொன்னாத்தான் சனம் நம்பும்."

மறுமுனையில் யன்னலைச் சாத்தும் சத்தம்.

"குடை இருக்கோ உம்மட்ட? இஞ்ச மழை."

வருகிறார்.