ஹெட்செட் ஓட்டை இல்லாத போன்

என் கூடப் பிறந்த செல்லமே, ஏழுமலை,

உன் சாவுக்கு நீயே காரணம் என்று போலீஸில் எழுதி வைத்தார்கள். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி ரோட்டைக் கடந்தாயாம். ஹாரன் சத்தம் உன் காதில் விழவில்லையாம். டிரைவர் மேல் தப்பே இல்லையாம். இதுதான் உனக்குச் செய்த அநியாயம். எதிர்த்திசையில் ஏறி வந்த கண்டெய்னர் டிரெய்லர் உன்னை அடித்துப் போட்டது. பழி உன் கழுத்தில் கிடந்த ஒயர் மேல் விழுந்தது.

அந்தப் பழி போன வாரம் ஒழிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரறியப் பேசினார்கள், அதனால் ஊரறியவே எழுதுகிறேன். கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, வடை மடித்த பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டினவள் நான். பிழை இருக்கும். உயிரோடு இருந்தபோது சிவப்புப் பேனாவோடு வந்து உட்காருவாயே, இப்போது என்ன செய்வாய்?

நீ போன பிறகு திருவொற்றியூரில் என்னால் ஒரு தெருவைக்கூட நிம்மதியாகத் தாண்ட முடியவில்லை. முனை டீக்கடையில் மணி இருக்கிறானே, உன்னோடு பட்டறையில் வேலை பார்த்தவன், அவனே சொன்னான்.

"இன்னா பண்றது யக்கா. பாட்டுன்னா உசுரு அவனுக்கு. அந்தப் பாட்டே உசுர எடுத்துகினு பூட்ச்சு."

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன். எல்லாரும் சொல்லிகினு கீறாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு."

"உன்கிட்ட பேசறது பேஜாரு யக்கா" என்று கிளாஸைக் கழுவப் போய்விட்டான். அன்றோடு அந்தக் கடையில் டீ குடிப்பதை விட்டேன்.

என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். சம்மட்டிச் சத்தத்தில் பாதிக் காது போனவன் நீ. ரோட்டுக்கு வந்தால் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பாய், என் கையையும் பிடித்து இழுப்பாய். அப்படிப்பட்டவன் காதை அடைத்துக்கொண்டு இறங்குவானா? இதைத்தான் போலீஸிடமும், நஷ்டஈட்டுக் கேஸ் போட்ட வக்கீலம்மாவிடமும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். தலையாட்டினார்கள். வேறு என்ன செய்வார்கள்?

ஊர் பேசினதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உன் மகள் ரேவதியைத்தான் பார்க்க முடியவில்லை. விரல் அளவு பாட்டுப் பெட்டி ஒன்று வைத்திருந்தாயே, அதன் பொத்தான் போய்விட்டது என்று நீ புலம்பினதைக் கேட்டு, அவள்தானே ஆன்லைனில் பார்த்துப் பார்த்துப் புது போன் வாங்கி வந்தாள்? ஞாயிற்றுக்கிழமை உன் கையில் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை நீ இல்லை. புழலில் அவள் மாமியார் வாய் சும்மா இருக்குமா? "அப்பனுக்கு போன் வாங்கிக் குடுத்து வழியனுப்பி வெச்சவ" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். ரேவதி அதை மறுக்கவே இல்லை. அவளும் அதைத்தான் நம்பினாள்.

"நான் வாங்கித் தராம இருந்திருந்தா நைனா இருந்திருக்கும் அத்த" என்பாள். கல்லாப்பெட்டி வேலையை விட்டாள். தலை வாருவதைக்கூட விட்டாள். நான் திட்டினேன், கெஞ்சினேன். எதுவும் உள்ளே போகவில்லை.

வருஷம் திரும்பியது. உனக்குப் படையல் போட்டோம். வஞ்சிர வறுவல், முட்டை, நீ குடிக்கிற அந்தக் கறுப்புக் காபி, ஒரு கட்டு பீடி எல்லாம் இலையில் வைத்தேன். பிரியப்பட்டதை வைக்க வேண்டும் என்றால் பாட்டு இல்லாமல் எப்படி? போலீஸ் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த உன் போனும் ஹெட்செட்டும் பீரோவிலேயே கிடந்தன. அதுவரை யாரும் தொடவில்லை. ரேவதிக்குப் பயம். நான் பட்டன் போன்காரி, எனக்கு அதில் என்ன தெரியும்?

"எடுத்து சார்ஜ் போடுடி. உன் அப்பன் பாட்டு இல்லாம சாப்புட மாட்டான்" என்று அதட்டினேன். அழுதுகொண்டே போட்டாள். விரிசல் விட்ட கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. உன் படத்துக்கு ஹெட்செட்டை மாலையாகப் போட்டு, முனையைப் போனில் செருகப் போனாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். விளக்கிடம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அத்த, இதுல குத்துற ஓட்டையே இல்ல."

"நல்லா பாரு."

"இல்ல அத்த. சார்ஜர் ஓட்டை மட்டும்தான் கீது. இந்த ஹெட்செட்டு இதுல போவவே போவாது."

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது, ஏழுமலை. செருகவே முடியாத ஹெட்செட்டில் நீ எந்தப் பாட்டைக் கேட்டாய்?

இலையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பேரும் சலீம் பாய் கடைக்குப் போனோம். உனக்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவாரே, அவரிடம்தான். போனையும் ஹெட்செட்டையும் அவர் மேஜை மேல் வைத்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதுக்குத்தானே யக்கா அவரு வந்தாரு. திங்கக்கிழம சாயங்காலம். ஓட்டை இல்லாத போனுக்குன்னு கன்வெர்ட்டர் வரும், இந்தச் சின்ன வால் மாதிரி. ஒரு பக்கம் போன்ல போவும், இன்னொரு பக்கம் பழைய ஹெட்செட்ட குத்திக்கலாம். ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க, ஹெட்செட்டயும் எடுத்துகினு வாங்க, போட்டுப் பாத்தே தரேன்னேன்."

"இத்தன நாளா ஏன்யா வாயத் தொறக்கல?"

"வேற எங்கனாச்சும் வாங்கிப் போட்டுகினாருன்னு நெனச்சேன். ஹெட்செட் மாட்டிகினு போனாருன்னு ஊரே சொல்லுது. எங்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல யக்கா." தலை குனிந்துகொண்டார். பிறகு ரேவதியைப் பார்த்துச் சொன்னார்: "உங்க நைனா இன்னொண்ணும் சொன்னாரும்மா. என் பொண்ணு ஆசையா வாங்கியாந்துகீது பாய், இதுல ஹெட்செட்டு போவலன்னு அதுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சுடும், சொல்லிடாதன்னாரு."

எனக்கே சொல்லவில்லையே நீ. செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும்தானே சொல்லிவிட்டுக் கிளம்பினாய்?

ரேவதி அந்தக் கடை வாசலிலேயே அழுதாள். ஒரு வருஷமாக அழுத அழுகை வேறு, இது வேறு. நான் தடுக்கவில்லை. பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

பிறகு எல்லாம் கோர்ட்டில் நடந்தது. பாய் வந்து சாட்சி சொன்னார். போலீஸ் கொடுத்த கவரில் போனும் ஹெட்செட்டும் தவிர அந்தச் சின்ன வால் இல்லை என்பதை வக்கீலம்மா எடுத்துக் காட்டினாள். நீதிபதி போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா, "கீழ ஒண்ணு இருக்கே" என்றார். "அது சார்ஜர் ஓட்டைங்க" என்று பாயும் ரேவதியும் நானும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். வக்கீலம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நீதிபதியும் சிரித்ததைப் பார்த்தேன். டிரெய்லர் வந்த திசை பற்றிக் கேட்டபோது கிளீனர் பையன் தடுமாறி, குறுக்கு வழி என்று எதிர்த்திசையில் ஏறியதை ஒப்புக்கொண்டான். தீர்ப்பில் உன் மேல் கவனக்குறைவு இல்லை என்று எழுதினார்கள். வக்கீலம்மாவை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அன்று இரவு தூங்கினேன் பார், விடிந்து பால்காரர் கதவைத் தட்டினபோதுதான் எழுந்தேன்.

மற்றச் சேதி என்ன? உலகம் உன் ஒயரை விட்டுவிட்டது. மெட்ரோவில் எல்லார் காதிலும் வேர்க்கடலை மாதிரி வெள்ளையாக ஒன்று. பார்த்தால் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்கள். ஒன்று விழுந்துவிட்டால் சீட்டுக்கு அடியில் தவழ்ந்து தேடுகிறார்கள். நீ பார்த்தால் சிரிப்பாய். சார்ஜர் மட்டும் எல்லா போனுக்கும் ஒன்றாகிவிட்டது என்கிறார் பாய். நீ கேட்ட கன்வெர்ட்டர் அவர் கடையில் இப்போது கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. அன்று ஒன்றே ஒன்று இருந்திருக்கக் கூடாதா? கேட்டு என்ன ஆகப்போகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இனி ஆக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லர் முதலாளி நம் வீட்டுக்கு வந்து, உன் படத்தின் முன் நின்று, தப்பு எங்களுடையது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வக்கீல் வழியாகச் சொன்னால் போதாது. போக்குவரத்துப் போலீஸ் டிரெய்லர் உன்னை அடித்த திருப்பத்தில் ஆள் போட வேண்டும், மந்திரி வருகிற அன்றைக்கு மட்டும் அல்ல. டீக்கடை மணி எந்த பெஞ்சில் உட்காருகிறவர்களிடம் சொன்னானோ அவர்களிடமே மாற்றிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வந்து டீ குடிப்பேன். போன் செய்கிற கம்பெனிக்காரர்கள் ஓட்டையைத் திரும்ப வைக்க வேண்டும், முடியாது என்றால் அந்தச் சின்ன வாலைப் பெட்டிக்குள்ளேயே போட்டுத் தர வேண்டும். சலீம் பாய் யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் தெரிந்ததைச் சொல்லப் பழக வேண்டும். புழல் சம்பந்தியம்மா ரேவதியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அக்கம்பக்கம் பார்க்கக் கேட்க வேண்டும். ரேவதி திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். தலை வாரிக்கொண்டு போக வேண்டும்.

இவர்கள் எல்லாரையும் செய்ய வைக்க வேண்டியது நான். செய்ய வைப்பேன். எவன் வாயில் உன் பேர் தப்பாக வந்தாலும், கையில் தடி ஊன்றிக்கொண்டாவது அவன் வாசலுக்குப் போவேன். இது சத்தியம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, ராசா.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
தனபாக்கியம்