தங்கை கல்யாணத்துக்கு என்ன உடுத்துவதென்று கேட்டாயே

ஸ்டோக் கிராமம், லடாக்

அன்புள்ள மகள் குன்ஸேஸுக்கு, அம்மா எழுதுவது. மும்மணிகளின் கருணையால் நானும் உன் அப்பாவும் உன் தங்கை தெஸ்கித்தும் இந்தக் குளிரிலும் கை கால் அசைய இருக்கிறோம். ஜெர்மனியில் சூடேற்றிய வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போனில் சொன்னால் நடுவில் சிக்னல் போய்விட்டது என்பாய், அதனால் எழுதுகிறேன். பிரார்த்தனைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி நானாகக் கற்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள், சேதியில் பிழை இல்லை. ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதை உருட்டிக்கொண்டு இதை எழுத முடியாது.

கல்யாணத்துக்கான வெண்ணெயும் பார்லி மாவும் ஆப்ரிகாட் பழ வற்றலும் அளந்து பார்த்து எடுத்து வைத்தாயிற்று, சாண வறட்டி மட்டும் போதுமா என்று சந்தேகம், குழாய் உறைந்து கிடக்கிறது, உன் அப்பா ஓடையில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் கொண்டுவருகிறார். இதற்கு நடுவில் நீ அனுப்பிய சேதி. தங்கை கல்யாணத்துக்கு நீலக்கல் பதித்த தலையணியான உன் பெராக்கை அணிந்து வருகிறாய், அதோடு கருப்பு கோட்டு பொருந்துமா என்று கேட்கிறாய். கீழே ஒரு வரி, தங்கச்சி தலைக்கு ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாமே, ஒருநாள் கூத்துதானே என்று. இதே யோசனையைப் போன மாதமும் சொன்னாய், நானும் கேட்டேன். கேட்டதற்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்.

மேல்வீட்டு நோர்பு மகனுக்குக் கல்யாணம். நம் வீட்டிலிருந்து ஒரு பெண்ணாவது பெராக் அணிந்து பெண்கள் வரிசையில் உட்கார வேண்டும், அது உனக்கு மறந்திருக்கலாம், ஊருக்கு மறக்கவில்லை. நான் அணிந்திருந்தது உன் கல்யாணத்தன்று உன் தலைக்குப் போய்விட்டது. அதை நீ கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, விளக்கு வைத்து, சுவரில் மாட்டியிருக்கும் படத்தை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. அதனால் பஜாரில் வாடகைக்கு ஒன்று எடுத்து, நெற்றியிலிருந்து முதுகுவரை கல் கல்லாகத் துடைத்து, தெஸ்கித்துக்குக் கட்டிவிட்டேன். வரிசையில் உட்கார்ந்து முதல் கிண்ணம் தேநீர்கூடக் குடித்து முடிக்கவில்லை, திக்ஸேயிலிருந்து வந்திருந்த லாஸேஸ் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இது எங்கம்மாது, இந்த ஒடைஞ்ச கல்லுக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைச்சது நான்தான், காணாமப் போச்சுன்னு எங்க அண்ணி சொன்னா, உனக்கு எப்படிடி வந்துச்சு என்றாள். மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். பஜார் கடையில எடுத்தது அக்கா என்று தெஸ்கித் சொன்னாள், அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. உடனே பக்கத்து வீட்டு சோஸ்கித், அந்த வாயைத்தான் உனக்குத் தெரியுமே, என் பக்கம் திரும்பி, உங்க வீட்டுது எங்க யாங்டோல்-லே, ஜெர்மனிச் சுவத்துக்குக் குளிருதாமா என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

உன் தங்கை சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, பெராக்கை இரண்டு கையாலும் எடுத்து லாஸேஸ் மடியில் வைத்தாள். என் கம்பளித் தொப்பியை நீட்டினேன், வேணாம்மா, அது இன்னும் கேவலம் என்று சொல்லிவிட்டு, விருந்து முடியும்வரை அந்தத் திறந்த முற்றத்தில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் அவள் மாமியாராகப் போகிறவர் எல்லாவற்றையும் பார்த்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணுக்குன்னு பெராக் இல்லையா, நாங்க ஏதாவது ஏற்பாடு பண்ணணுமா என்று மெல்லக் கேட்டார். அந்த மெல்லக் கேட்டதுதான் இன்னும் எரிகிறது, சோஸ்கித் கேட்டதுகூட இல்லை. வேண்டாம், எங்க வீட்டில இருக்கு என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா, பெரியவ வரட்டும், பேசிக்கலாம் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு எப்போதும் நீ செல்லம்.

இனி நீ கேட்டதற்குப் பதில். கருப்பு கோட்டு வேண்டாம், சுபகாரியத்தில் அந்தப் பை மாதிரி உடுப்போடு வந்து நிற்காதே. உள்ளே கம்பளியில் இரண்டு அடுக்கு போடு, மேலே உன் சிவப்பு கோஞ்சா அங்கி, இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டு, காற்று புகாது. முதுகில் ஆட்டுத்தோல், பூவேலைப் பட்டு வெளியே தெரிய, ரோமம் உள்பக்கம். போன தடவை அழகுக்கென்று திருப்பிப் போட்டு ஊர் சிரிக்க வைத்தாய். காலுக்குக் கம்பளிப் பூட்ஸ், அந்த உயரக் குதிகால் செருப்பு பனியில் உன்னைக் கவிழ்த்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல், வாழ்த்துக்கான வெள்ளைத் துண்டை மணமக்கள் கழுத்தில் போடும்வரை கையுறையைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும்.

பெராக்கைப் பற்றி. மூத்த மகளுக்குப் போக வேண்டியது, போயிற்று, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வாய் எனக்கு இல்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் வாடகைக்கு இனி எடுக்க மாட்டேன், சம்பந்தி வீட்டிலும் வாங்க விடமாட்டேன். நீ உன் பெராக்கோடு விருந்தாளி வரிசையில் முதலில் உட்காரு, அந்த இடம் உன்னுடையதுதான். தெஸ்கித் கழுத்தில் வெள்ளைத் துண்டு மட்டும் போட்டு, வெறுந்தலையோடு இந்த வாசலைத் தாண்டிப் போவாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், சரிம்மா என்றாள், அழவில்லை. உன்னைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். அப்போது உன் கை என்ன செய்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஊரும் பார்க்கும்.

காலையில் விளக்கு ஏற்றும்போது உன் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன், கோபம் வேறு, அது வேறு. வழியில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நீண்ட ஆயுளோடு இரு. விமானத்திலிருந்து இறங்கியதும் ஓடியாடாமல் ஒருநாள் படுத்திரு, இந்த உயரம் உனக்கு இப்போது பழக்கமில்லை. அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
ரிக்சின் யாங்டோல்