பிஸ்கட் எதற்காக அழுகிறது

புக்கிட் ரோத்தான்,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் மோகனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே முருகன் புண்ணியத்தில் சுகர், பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் விறைத்துப் போகாமல், வேளைக்குச் சுடுசோறு தின்று, இருமல் சளி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன், நீ அங்கே ஆஸ்பத்திரி டியூட்டியில் நின்றுகொண்டு கண்ணைக் கசக்குவாய், யாருக்கு என்ன பிரயோசனம். அதனால்தான் எழுதுகிறேன், அவசரப்படாமல் கடைசி வரைக்கும் படி.

எல்லாம் நீ ஏற்பாடு செய்து கொடுத்த நாயைப் பற்றித்தான். நம் வீட்டில் திருடன் வந்து போன பிறகு உன் அண்ணன் கணேஸ்வரன், இனிமே ஒரு நாள்கூட நீங்க தனியா இருக்கக்கூடாதும்மா, வீட்டைப் பூட்டிட்டு சுங்கை சோவுல என் வீட்டுக்கு வந்துருங்க லா என்று ஒற்றைக் காலில் நின்றான். நீதான் அங்கிருந்தே கிள்ளானில் தெருநாய்களை வைத்துப் பார்க்கிற அந்த ஷர்மினிப் பெண்ணைப் பிடித்து, அம்மாவுக்கு ஒரு நாய் இருந்தால் காவலுக்குக் காவல் துணைக்குத் துணை என்று பேசி அவன் வாயை அடைத்தாய். அவனும், சரி, தைப்பூசம் வரைக்கும் பாப்பேன், ஒத்து வரலேன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு உங்கள லோரியில ஏத்திக்கிட்டுப் போய்டுவேன் என்று கெடு வைத்துவிட்டுப் போனான். எனக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். அதற்காக வந்த நாயே என்னைத் துரத்தப் பார்த்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? நாய் படாத பாடு என்று சொல்வார்களே, நாயால் நான் படுகிற பாட்டுக்கு என்ன பெயர், படித்தவள் நீயே சொல்லு.

பகலில் அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும், அவ்வளவு தங்கம். போட்டதைத் தின்னும், செருப்பைக் கடிக்காது, போஸ்ட்மேனைப் பார்த்தால் வாலை ஆட்டும், காவல்காரனுக்கு அது லட்சணம் இல்லைதான், போகட்டும். ஷர்மினி அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறாள், நான் வாசலில் நின்று பிஸ்கட் பிஸ்கட் என்று கூப்பிட்டால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகின்றன. ராத்திரியானால்தான் சனியன் பிடிக்கிறது. என் படுக்கை அறை ஜன்னலுக்கு வெளியே, குழாயடிப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே கட்டிப் போட்டிருக்கிறேன், சாக்கு விரித்து, தண்ணீர் வைத்து, கொசுவர்த்தி ஏற்றி, மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை. நான் கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும். குரைப்பும் இல்லை, முழு ஊளையும் இல்லை, மூக்கால் ஒரு அழுகை, நடுவில் சங்கிலியை இழுக்கிற சத்தம். எழுந்து ஜன்னலைத் திறந்தால் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். நான் படுத்துத் தூங்கினால் மறுபடியும்.

ஷர்மினியிடம் கேட்டேன். ஆன்ட்டி, அது இருந்த வீட்டுக்காரங்க கொண்டோ மாடி வீட்டுக்குப் போனப்ப விட்டுட்டாங்க, புது இடம் அதுக்கு பயம், கொஞ்சம் டைம் குடுங்க, சாயங்காலம் நல்லா நடக்க வைங்க, அழுறப்ப எல்லாம் ஓடிப் போய்ப் பாத்தீங்கன்னா அழுதா ஆள் வருவாங்கன்னு பழகிடும், நீங்க கட்டின பழைய துணி ஒண்ணு போட்டுப் பாருங்க என்றாள். நல்ல பெண், தன்மையாகச் சொன்னாள். செம்பனைக் காட்டு ஓரமாகத் தினமும் நடத்திக்கொண்டு போனேன், எனக்குத்தான் முழங்கால் வீங்கியது. என் பழைய கைலியைப் போட்டேன், கைலியைக் கட்டிக்கொண்டு அழுதது. ரேடியோவை மெல்லமாக வைத்தேன், பாட்டோடு சேர்ந்து அழுதது. அப்புறம் நமக்குத் தெரிந்த வைத்தியத்துக்கு வந்தேன். கைப்பிள்ளை ராத்திரியில் அழுதால் என்ன செய்வோமோ அதையே செய்தேன், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன், நாய் தும்மி, பக்கத்து வீட்டு சிவானந்தம் இருமி, பெரிய ரகளை. முனீஸ்வரன் கோயில் பூசாரி உடையப்பனிடம் போய், ராத்திரியெல்லாம் அழுவுது, பயந்திருக்கும்போல, மந்திரிச்சு விடுங்க என்றேன். அவர் வேப்பிலையை எடுத்துக்கொண்டு, புள்ளைய இப்படி மடியில வைங்கம்மா என்றார். நான் கயிற்றை இழுத்து பிஸ்கட்டை முன்னால் விட்டேன். மனிதர் என்னைப் பார்க்கிறார், அதைப் பார்க்கிறார், அப்புறம் சிரித்துவிட்டு, பைரவரோட வாகனந்தானே, வாடா என்று சொல்லி விபூதி பூசி கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி அனுப்பினார். விபூதியை நக்கித் தின்றுவிட்டு அன்றைக்கும் அழுதது.

சிவானந்தம் லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், உனக்குத்தான் தெரியுமே, வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் வேலியோரம் நின்று, தங்கச்சி, நாய் அழுதா அந்த வீட்டுக்கு ஆகாதும்பாங்க, யாரையாச்சும் கொண்டு போய்டும், அதுவுமில்லாம எனக்கு பிரஷர், தூக்கமில்ல, ஏதாச்சும் செய்யலேன்னா நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போட்டுருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதிப் போடட்டும், அது எனக்குப் பெரிதில்லை. யாரையாவது கொண்டு போய்விடும் என்றாரே, அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ, அண்ணன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறானே, பேரன் முகுந்தன் பாரம் ஃபோர் வகுப்புக்குப் போகிற நேரமாயிற்றே என்று ஒவ்வொருவராக நினைத்துத் துடித்துக்கொண்டு கிடந்தேன். கோபத்தில் ஒரு நாள் விளக்கமாற்றை எடுத்து அதன்மேல் ஓங்கிவிட்டேன். அது ஓடவில்லை, உறுமவில்லை, என் காலில் தலையை வைத்துக்கொண்டு நடுங்கியது. விளக்கமாற்றைப் போட்டுவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஷர்மினிக்குப் போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போய்விடு என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று முன்தினம் சிவானந்தம் பெண்சாதி லெட்சுமி, முந்தானைக்குள் போனை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். அக்கா, கோவிச்சுக்காதீங்க, அவர் நகராண்மைக் கழகத்துல காட்டுறதுக்குன்னு நாய் அழுறத போன்ல புடிச்சு வச்சிருக்காரு, வேற யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நீங்க கேளுங்க என்று கதவைச் சாத்திவிட்டுப் பதிவை ஓட விட்டாள். முதலில் தவளைச் சத்தம். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல். யாரு, யாரு அது, கிட்ட வராத, கிட்ட வராதடா, எங்க வீட்டுக்காரு உள்ள இருக்காரு என்று அடித்தொண்டையில் அலறுகிறது. யாரடி இது, பாவம், யாரைப் போட்டு அடிக்கிறார்கள் என்று நான் லெட்சுமியைக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் பிஸ்கட்டின் அழுகை வருகிறது. அந்தக் குரல் கத்துகிறது, அது அழுகிறது. குரல் அடங்குகிறது, அதுவும் அடங்குகிறது. மறுபடியும் குரல் வருகிறது. தினமும் இப்படித்தான்க்கா, நீங்க கத்தின பெறகுதான் அது ஆரம்பிக்கிது என்றாள் லெட்சுமி. என் குரலே எனக்குத் தெரியவில்லை மோகனா.

இப்போது உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். திருடன் வந்த அன்றைக்கு நான் அசந்து தூங்கிவிட்டேன், விடிந்த பிறகுதான் தெரியும் என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன், போலீஸிலும் அப்படித்தான் சொன்னேன். நான் தூங்கவில்லை. கிரில்லை அறுக்கிற சத்தத்திலேயே முழித்துவிட்டேன். அவன் அறைக்குள் வந்தபோது கையில் பாராங் கத்தி இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அலமாரியைக் குடைந்தான். டார்ச்சை என் முகத்தில் அடித்தான், மூடின கண்ணுக்குள் சிவப்பாகத் தெரிந்தது. என் கழுத்துச் சங்கிலியின் கொக்கி எங்கே என்று தெரியாமல் தடவித் தடவிக் கழற்றினான், அவன் விரல் சில்லென்று இருந்தது. நான் பொய்க்குறட்டை விட்டேன் அம்மாடி. அப்பா இருந்தபோது என் குறட்டையைச் சொல்லிக் கேலி செய்வாரே, அதே குறட்டை. அவன் போன பிறகும் விடிகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. இதைச் சொன்னால் கணேஸ்வரன் அன்றைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான், அதனால்தான் மறைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கிடந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது தூக்கத்தில் கத்துகிறேன் போலிருக்கிறது. அந்த ஜீவன் பழைய வீட்டை நினைத்து அழவில்லை. உள்ளே ஒருத்தி அலறுகிறாள், சங்கிலி விடமாட்டேன் என்கிறதே என்றுதான் அழுதிருக்கிறது. அதற்குப் போய் நான் மந்திரித்துக் கயிறு கட்டினேன்.

லெட்சுமி வந்துபோன அன்று சாயங்காலமே பிஸ்கட்டின் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். சாமி இருக்கிற வீடு, நாய் குசினிப் படியைத் தாண்டக் கூடாது என்று எத்தனை வருஷச் சட்டம், உனக்கே தெரியும், சின்ன வயதில் நீ குட்டிநாயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முதுகில் இரண்டு வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளப்பா என்று முருகனிடம் சொல்லிவிட்டுச் சாமி மேடைக்குத் திரை போட்டேன். அது வீட்டை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு என் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. ராத்திரி நான் கத்தினேனா இல்லையா தெரியாது. ஒரு தடவை முழித்தபோது கையில் ஈரமாக ஏதோ பட்டு உயிரே போய்விட்டது, பார்த்தால் அதன் மூக்கு. அட மூதேவி என்று திட்டினேன். அப்புறம் விடிகிற வரைக்கும் தூங்கினேன். காலையில் சிவானந்தம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன தங்கச்சி, நாயக் குடுத்திட்டீங்களா, சத்தத்தையே காணோம் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பிஸ்கட் நின்றுகொண்டு அவருடைய சுவரில் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பிஸ்கட் அடங்கிவிட்டது, நான் அடங்கவில்லை. பொழுது சாய்ந்தால் இப்போதும் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிற சாக்கில் கதவைத்தான் பார்க்கிறேன். அடுத்த வாரம் கோலசிலாங்கூர் கிளினிக்குக்கு லெட்சுமி கூட வருகிறாள், டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லப் போகிறேன். ஆனால் சிவானந்தம் அந்தப் பதிவை அண்ணனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நிற்கிறார். நாளைக்கு அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பக்கத்துல இருந்துக்கிட்டு சும்மா இருந்தீங்களான்னு நம்மளத்தான கேப்பாங்க என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான். லெட்சுமி எப்படியோ தடுத்து வைத்திருக்கிறாள், எத்தனை நாளைக்கு முடியும்? அதைக் கேட்டால் கணேஸ்வரன் தைப்பூசம் வரைக்கும் காத்திருக்க மாட்டான். அவன் வீடு பதிமூன்றாவது மாடி, திருடன் ஏற மாட்டான், சரி. நாயும் ஏறக்கூடாதாம், பிஸ்கட் இரண்டாம் தடவையாக அநாதையாகும். அங்கே போனாலும் ராத்திரி கத்தத்தானே செய்வேன், முகுந்தன் படிக்கிற பிள்ளை, மருமகள் விடியுமுன்னே வேலைக்குப் போகிறவள். எஸ்டேட்டை விற்றபோது லயத்து வீட்டை விட்டு வெளியே போ என்றார்கள், அப்பா கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்து வாங்கின வீடு இது. அந்தப் பாவி என் சங்கிலியைக் கொண்டு போனான், சரி, போகட்டும். வீட்டையும் அவனுக்காக நானே காலி செய்து கொடுக்க வேண்டுமா?

அண்ணன் கெட்டவன் இல்லை, பயந்தவன், என்னைப் போல. நான் சொன்னால் கேட்க மாட்டான், நீ சொன்னால் கேட்பான். சிவானந்தம் அனுப்புவதற்கு முன்னால் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு, குறட்டை விட்டதைக்கூடச் சொல்லு. அம்மாவுக்குப் பயம் போய்விட்டது என்று மட்டும் சொல்லாதே, அது பொய். பயம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு தன் வீட்டிலேயே இருந்துகொள்கிறாளாம் என்று சொல்லு. உன்னைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் கிடைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, மழையில் நனைந்த காலுறையோடு டியூட்டி பார்க்காதே. ஒன்று மறந்துவிடாதே. அடுத்த தடவை போன் செய்யும்போது நல்லா இருக்கீங்களாம்மா என்று கேட்காதே, வாய் பழக்கத்தில் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடும். ராத்திரி தூங்கினீங்களா என்று கேள். உண்மையைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
கா. அம்சவள்ளி